பச்சைத் திரையை விட மறுத்தவர்கள்: ஸ்டெடிகேம் மானிட்டர் வடிவமைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

2000களின் நடுவில் சாதாரணக் கைபேசியிலேயே வண்ணத்திரை வந்துவிட்டது. அதே காலத்தில், பெரிய பட்ஜெட் படப்பிடிப்புகளில் நடந்தபடியே ஆடாமல் படமெடுக்க உதவும், ஒரு காரின் விலை பெறும் கருவியை உடம்பில் கட்டிக்கொண்டு நடந்த ஸ்டெடிகேம் ஆபரேட்டர்கள் பலர் எதைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள் தெரியுமா? கனமான, ஒற்றை நிறப் பச்சை சிஆர்டி (பழைய டிவியில் இருந்த கண்ணாடிக்குழாய்த் திரை) மானிட்டரை. பழைய வங்கிக் கணினிகளில் எழுத்து மின்னுமே, அந்தப் பச்சை. வண்ண எல்சிடி மலிவாகக் கிடைத்தும் அவர்கள் இதை விடவில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு இது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. எடை அதிகம், வண்ணம் இல்லை, உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. இப்படி ஒரு பொருள், அதைவிட எல்லா விதத்திலும் மேலானதாகத் தோன்றும் இன்னொரு பொருளை இத்தனை காலம் தடுத்து நிறுத்தியது எப்படி? பேப்பரை விரித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடப் போட, இந்தப் பெட்டியை மானிட்டர் என்று கூப்பிடுவதே நம்மைத் திசைதிருப்பிவிடுகிறது என்று தோன்றியது. அது முதலில் ஒரு எடைக்கல், அப்புறம் ஒரு ரசமட்டம், மூன்றாவதாகத்தான் ஒரு திரை. வடிவமைப்பில் நடந்த தவறுகள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டதால் வந்தவை.

கண் ஏன் கேமராவைத் தொடக்கூடாது

கருவியைப் பார்த்திராதவர்களுக்காக: ஆபரேட்டர் ஒரு வெஸ்ட் அணிந்திருப்பார். அதிலிருந்து சுருள்வில் பொருத்திய ஆர்ம் ஒன்று நீளும். ஆர்மின் நுனியில் ஜிம்பல், எந்தப் பக்கமும் தடையின்றித் திரும்பும் மூட்டு. ஜிம்பல் பிடித்திருப்பது போஸ்ட் என்கிற செங்குத்துக் குழாயை. போஸ்டின் உச்சியில் கேமரா. அடியில் முன்பக்கமாக மானிட்டர், பின்பக்கமாக பேட்டரி. கேமராவும் போஸ்டும் அடிப்பகுதியும் சேர்ந்த இந்த மொத்தத்துக்கு ஸ்லெட் என்று பெயர். ஸ்லெட்டின் ஈர்ப்பு மையத்துக்குச் சற்று மேலே ஜிம்பல் வரும்படி அமைத்துவிட்டால், ஆபரேட்டர் இரண்டு விரலால் தொட்டு முழு எடையையும் திருப்பலாம். காவடி தூக்குபவர் தோளில் தண்டின் நடுவை வைத்துக்கொள்வது போலத்தான். இங்கே காவடி நெட்டுக்குத்தாக நிற்கிறது.

இப்படி மிதக்கும் ஒன்றின் வியூஃபைண்டரில், அதாவது கேமராவின் பார்வைத்துளையில், கண்ணை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? நடையின் ஒவ்வொரு அதிர்வும் கண்குழி வழியாகக் கேமராவுக்குப் போய்விடும். வெஸ்ட், ஆர்ம், ஜிம்பல் எல்லாம் வீண். ஆகவே கேமராவைத் தொடாமல் கேமரா பார்ப்பதைப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் இந்தக் கருவியைச் செய்துகொண்டிருந்த கேரட் பிரவுன், ஆரம்ப மாதிரிகளில் முயன்றது ஒளியிழைக் கற்றையை. கேமராவின் வியூஃபைண்டரில் ஒரு முனை, மறுமுனை அவர் கண்ணில். எடை குறைவு, மின்சாரம் வேண்டாம், தாமதம் துளியும் இல்லை. ஆனால் ஒரு கண் முழுக்க அடைபட்டுவிடும். தரையில் கிடக்கும் கேபிள், படிக்கட்டின் விளிம்பு, எதிரே வரும் துணை நடிகர் எதுவும் ஒழுங்காகத் தெரியாது. போதாக்குறைக்கு, தலையும் கேமராவும் ஒரு கயிறால் கட்டப்பட்ட மாதிரிதான்.

தீர்வு வீடியோவில் கிடைத்தது. கேமராவின் வியூஃபைண்டர் பாதையில் ஒரு குட்டி வீடியோ கேமரா; அதன் படம் ஸ்லெட்டின் அடியில் இருக்கும் சிஆர்டி திரைக்கு. பிரவுனின் அமெரிக்கக் காப்புரிமை 1977இல் வழங்கப்பட்டது. 1978இல் அவருக்கும் தயாரிப்பு நிறுவனமான சினிமா ப்ராடக்ட்ஸுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், திரையை வைத்த இடம். கேமராவுக்கு எதிர்எடை எப்படியும் வேண்டும். சும்மா ஈயக்கட்டியைத் தொங்கவிடுவதற்குப் பதில், அந்த எடை படமும் காட்டட்டும். பேட்டரிக்கும் அதே நியாயம். ஒரு கிராம்கூட வெட்டியாகத் தொங்கவில்லை.

ஆபரேட்டர் உண்மையில் எதைப் பார்க்கிறார்

ஃபோகஸ் அவர் வேலை இல்லை. அதை ஃபோகஸ் புல்லர் வயர்லெஸ் கருவியில் பார்த்துக்கொள்வார். வண்ணமும் ஒளியும் ஒளிப்பதிவாளருடையவை. ஆபரேட்டருக்கு ஃப்ரேமின் ஓரங்கள் வேண்டும்: மைக் எட்டிப்பார்க்கிறதா, நடிகரின் தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது, கதவுநிலை எப்போது உள்ளே வருகிறது. அடுத்து, மட்டம். மூன்றாவது திரையிலேயே இல்லை. அது அவர் கால் வைக்கப்போகும் தரை. தலையில் குடம் சுமந்து வருபவர் குடத்தைப் பார்க்காமல் பாதையைப் பார்ப்பார். ஸ்டெடிகேம்காரருக்கோ குடத்தையும் பாதையையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம். திரையை நேராகப் பார்த்தபடி, அதைச் சுற்றித் தெரியும் தரையை ஓரப்பார்வையில் படிக்கிறார்.

திரை கீழே இருப்பது இதற்கு வசதி. ஆனால் கீழே என்றால் தூரமும்தான். கண்ணிலிருந்து திரைக்கு 85 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நல்ல கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகைத்துளி, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 85 செ.மீ. தூரத்தில் அது கால் மில்லிமீட்டர். 7 அங்குல அகலத்திரையின் அகலம் சுமார் 15.5 செ.மீ. வகுத்தால் 620 சொச்சம் வரும். அந்தத் தூரத்தில் நிற்கிற மனிதக் கண்ணுக்குக் குறுக்குவாட்டில் 620 புள்ளிக்கு மேல் பிரித்துத் தெரியாது. விளம்பரத்தில் 1920 புள்ளி என்று பெரிதாகப் போடுகிறார்களே, அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வேலைக்கு வெறும் அலங்காரம். பழைய பச்சை சிஆர்டியின் கூர்மை ஏறக்குறைய கண்ணின் தேவையோடு ஒத்துப்போனது. அதைக் குறை என்று சொன்னவர்கள் மேசையில் வைத்து, முப்பது சென்டிமீட்டரில் பார்த்தவர்கள்.

பிலிம் காலத்தில் அந்தத் திரைக்கு வந்த படமே சுமார்தான். சுழலும் கண்ணாடி ஷட்டர் உள்ள கேமராவில், பிலிமுக்கு ஒளி போகாத நேரத்தில்தான் வியூஃபைண்டருக்கு ஒளி போகும். ஆபரேட்டர் பார்ப்பதெல்லாம் படத்தில் பதியாத கணங்களை! நினைக்கவே விசித்திரமாக இருக்கும். நொடிக்கு 24 முறை மினுக்கும், இருட்டான, அரைகுறைப் படம். அதை வைத்துக்கொண்டுதான் அந்தக் காலத்து நீண்ட ஷாட்டுகளை எல்லாம் எடுத்தார்கள்.

வெயில்

பச்சைக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

உச்சி வெயில் தரையில் தரும் ஒளி சுமார் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு). அதில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் அதன் பிரகாசம் 25,000 நிட்ஸ் (பரப்பிலிருந்து கண்ணுக்கு வரும் பிரகாசத்தின் அலகு) வரும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, கண்பாப்பாவைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. மடிக்கணினித் திரையோ 300 நிட்ஸ். அது கறுப்பாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் பிரகாசம் மட்டும் பேசினால் பாதிக் கதைதான். திரையின் மேல் விழும் வெயிலில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. அது கறுப்பை வெளுக்கவைக்கிறது. ஒரு சாதாரண எல்சிடி, கண்ணாடிப் பரப்புகளையும் இடைவெளிகளையும் சேர்த்து, 5 சதவீதம் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். அது மட்டுமே 1,600 நிட்ஸ் மூடுபனி. அதன் மேல் 300 நிட்ஸ் படம் என்றால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 1.2தான். முகம் எது, சுவர் எது என்று தெரியாது. 1990களின் எல்சிடிகள் வெளிப்புறப் படப்பிடிப்பில் தோற்றது இதனால்தான்.

சிஆர்டியின் பாடு முதல் பார்வைக்கு இதைவிட மோசம். அதன் முகப்பில் பூசிய, எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் தூள் வெளிர்நிறம். வெயிலில் பாதியைத் திருப்பி அனுப்பும். 16,000 நிட்ஸ் மூடுபனி! குழாய் 3,000 நிட்ஸ் தந்தாலும் விகிதம் அதே 1.2. ஒரு கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி வைக்கலாம். படத்தின் ஒளி அதை ஒருமுறைதான் கடக்கிறது. வெயிலோ உள்ளே போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை என இரண்டு தடவை வடிகட்டப்படும். 10 சதவீதம் மட்டும் விடுகிற கண்ணாடி என்றால் படம் 300 ஆகும், மூடுபனி 160 ஆகும். விகிதம் 2.9. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 25,000 நிட்ஸுக்குப் பழகிய கண்ணுக்கு முன்னால் 300 நிட்ஸ் படம். மறுபடி இருட்டு.

பச்சை இந்தச் சிக்கலை உடைக்கிறது. பச்சை பாஸ்பர் தன் ஒளியை நிறமாலையின் ஒரு சின்னத் துண்டில் கொட்டும். அந்தத் துண்டை மட்டும் விட்டு மற்றதை விழுங்கும் வடிகட்டியை வைத்தால் என்ன ஆகும்? குழாயின் ஒளியில் 70 சதவீதம் வெளியே வரட்டும். வெயிலின் பிரகாசத்தில் அந்தத் துண்டு வழியாக உள்ளே நுழைவது 10 சதவீதம் என்போம். தூளில் பட்டுத் திரும்பும்போது அதிலும் 30 சதவீதம் வடிகிறது. படம் 2,100 நிட்ஸ், மூடுபனி 1,100 சொச்சம். விகிதம் அதே 2.9. ஆனால் படம் முன்னதைவிட ஏழு மடங்கு பிரகாசம். வண்ணத்தைத் தியாகம் செய்தது அழகியல் முடிவு கிடையாது. வெயிலோடு பேசி முடித்த பேரம். பகலில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பக்கத்திலுள்ள பச்சையை என்பது கூடுதல் லாபம். போர் விமானங்களில் விமானியின் கண்முன் எழுத்தும் கோடும் காட்டும் சிஆர்டி கருவிகள் பச்சையானதும் இதே காரணத்தால்தான். (வடிகட்டி சதவீதங்களும் குழாயின் 3,000 நிட்ஸும் கணக்கை நடத்த நான் வைத்துக்கொண்டவை, குழாய்க்குக் குழாய் மாறும். விகிதங்களின் கதை மாறாது.)

இதே கணக்கு பச்சையின் முடிவையும் சொல்கிறது. எல்சிடியின் உள்ளே வெள்ளைத்தூள் இல்லை. முகப்புக் கண்ணாடிக்கும் பேனலுக்கும் இடையிலுள்ள காற்றிடைவெளியைப் பசை நிரப்பி ஒட்டிவிட்டால், வெயிலைத் திருப்பி அனுப்பும் இரண்டு பரப்புகள் காணாமல் போகும். மேலே எதிரொளி தடுக்கும் பூச்சு. இப்படி மொத்தத் திருப்பத்தை 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மூடுபனி 320 நிட்ஸ்தான். பின்விளக்கு 1,000 நிட்ஸ் தந்தால் விகிதம் 4. 2,000 தந்தால் 7. அதுவும் வண்ணத்தில். ஆக, எல்சிடிக்கு வழிவிட்டது எல்இடி பின்விளக்கு மட்டும் அல்ல. பாதிப் பெருமை அந்தப் பசைக்குப் போக வேண்டும்.

பூச்சு நன்றாக இருந்தாலும் ஒரு தொல்லை மிச்சம். திரை ஆபரேட்டரின் முகத்தை நோக்கிச் சாய்ந்திருப்பதால் அவர் நெஞ்சே அதில் பிரதிபலிக்கும். வெயிலில் நிற்கும் வெள்ளைச் சட்டை 25,000 நிட்ஸ் என்றால், பூச்சில்லாத கண்ணாடி அதில் 4 சதவீதத்தை, அதாவது 1,000 நிட்ஸைத் திருப்பித் தரும். கறுப்புச் சட்டை போட்டால் போச்சு. நூறு ரூபாய் பனியன் செய்யும் வேலையைச் செய்யப் பல ஆயிரம் ரூபாய்ப் பூச்சு தேவைப்படுகிறது. கூலிங் கிளாஸ் விஷயத்தில் ஆபரேட்டர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஒளிமுனைவாக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டால் சில கோணங்களில் எல்சிடி முழுக்கக் கறுத்துவிடும். சிஆர்டியில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஏன், ஒரு கூடாரம் மாதிரி மறைப்பு வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கிறார்கள், காற்றில்லாத நாளில். பக்கவாட்டில் 300 சதுர செ.மீ. பரப்புள்ள மறைப்பு, நொடிக்கு 8 மீட்டர் காற்று, போஸ்டிலிருந்து 25 செ.மீ. தூரம் என்றால் அதன் முறுக்குவிசை 0.3 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும். அரை நொடியில் கேமராவைச் சில பாகை திருப்ப அது போதும். மறுபக்கம் பேட்டரி கொஞ்சம் ஈடுகட்டும் என்றாலும், விரல் நுனியால் பிடித்திருப்பவருக்கு இது பாய்மரம் கட்டிய மாதிரி.

தாமதம்

பச்சைத் திரையின் இன்னொரு வலிமையை அது போன பிறகுதான் பலர் உணர்ந்தார்கள். அனலாக் சிஆர்டி எதையும் சேமித்து வைக்காது. வரி வர வர வரைந்துவிடும்.

2000க்குப் பிறகு எச்டி கேமராக்கள் வந்தபோது ஸ்லெட்டில் இருந்த பச்சைத் திரைக்குப் புரிந்தது பழைய அனலாக் வீடியோ மட்டும். நடுவே ஒரு மாற்றிப்பெட்டி வைத்தார்கள். கேமரா தன் பங்குக்குப் படத்தைப் பிடித்து வைத்துப் பதப்படுத்தும், மாற்றி ஒரு ஃப்ரேமை, அதாவது ஒரு முழுப் படத்தை, பிடித்து வைக்கும். எல்சிடி என்றால் அதுவும் ஒன்று வைக்கும். மூன்று ஃப்ரேம் என்று வையுங்கள். 24 ஃப்ரேம் வேகத்தில் அது நொடியில் எட்டில் ஒரு பங்கு. நொடிக்கு 60 பாகை வேகத்தில் கேமராவைத் திருப்பினால் திரை 7.5 பாகை பின்தங்கி நிற்கும். சூப்பர் 35 என்ற சினிமா பிலிம் அளவில் 35 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலம் 39 பாகை. ஃப்ரேமில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு! நடிகர் நின்ற இடத்தில் கேமராவை நிறுத்த வேண்டும் என்றால், திரையில் அவர் வந்து சேரும்போது கேமரா அவரைத் தாண்டிவிட்டிருக்கும். அனுபவசாலிகள் மனதில் கழித்துக்கொண்டு நிறுத்துவார்கள். ஆனால் அந்தக் கழித்தலைக் கற்றுக்கொள்ள வைப்பது வடிவமைப்பாளர் தன் வேலையை ஆபரேட்டர் தலையில் கட்டுவதுதான். 2000களின் இறுதியில் சிஆர்டி தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூட, குழாய்க்கே வழியில்லாமல் போனது. பச்சை போயிற்று. தாமதம் தங்கிவிட்டது.

மட்டம் பொய் சொல்லும்

மேசன் வைத்திருக்கும் ரசமட்டத்தை மானிட்டரில் ஒட்டிவைப்பது பழைய வழக்கம். குமிழி நடுவில் நின்றால் கேமரா நேராக இருக்கிறது. நிற்கும்போது சரி. பக்கவாட்டில் நடக்கத் தொடங்கிய கணத்தில்? வேகம் நொடிக்கு நொடி 1 மீட்டர் கூடினால் குமிழி 5.8 பாகை சாய்வு காட்டும், கேமரா சாயாமலேயே. அதை நம்பித் திருத்தினால் தொடுவானம் சாய்ந்துவிடும். ஓர் அறைக்குள் கதவுநிலை இருக்கும்போது ஒரு பாகைச் சாய்வே கண்ணை உறுத்தும். திரையின் அடியில் கோடாகக் காட்டும் மின்னணு மட்டமும், ஈர்ப்பு விசையை மட்டும் உணர்ந்தால், இதே பொய்யைச் சொல்லும். சுழற்சியை உணரும் ஜைரோவையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் நடக்கும்போது உண்மை தெரியும்.

உணரியை எங்கே வைப்பது என்பது அடுத்த தகராறு. மானிட்டர் பெட்டிக்குள் வைத்தால் கம்பி மிச்சம். ஆனால் மானிட்டரை ஆபரேட்டர் தன் உயரத்துக்கேற்பச் சாய்ப்பார், வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் திருப்புவார். ஒவ்வொரு முறையும் மட்டத்தைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். ஷாட்டுக்கு முந்தைய அவசரத்தில் ஒருநாள் மறந்துபோகும். உணரி போஸ்டில், படம் மானிட்டரில் என்று பிரிப்பதே என் கட்சி.

கேமராவைத் தரைக்கு அருகே கொண்டுபோக ஸ்லெட்டையே தலைகீழாக்குவார்கள். லோ மோட் என்று பெயர். 1980இல் வெளியான குப்ரிக்கின் தி ஷைனிங் படத்தில் தரையை ஒட்டி ஓடும் காட்சிகளுக்குப் பிறகு இது எல்லோரும் கேட்கும் ஒன்றாகிவிட்டது. அப்போது மானிட்டர் மேலே, கேமரா கீழே. படமும் தலைகீழாக வேண்டும், மட்டக் கோட்டின் இடவலமும் மாற வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுகிற மெனுவை வடிவமைத்தவர் ஒருநாளாவது லோ மோடில் நடந்து பார்த்திருக்க மாட்டார்.

எடை

சரி, எல்சிடி வந்தது, எடை குறைந்தது, முதுகுக்கு நிம்மதி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கழைக்கூத்தாடி ஏன் நீளமான கழியைப் பிடிக்கிறார் என்று யோசித்தால் சிக்கல் புரியும். கழி அவரைத் தூக்கிப் பிடிப்பதில்லை; திடீரென்று திரும்பவிடாமல் மந்தமாக்குகிறது. மையத்திலிருந்து தள்ளி இருக்கும் எடை அந்த மந்தத்தைத் தரும். தூரம் இரட்டித்தால் மந்தம் நான்கு மடங்கு.

உதாரணத்துக்கு 10 கிலோ கேமரா, 70 செ.மீ. போஸ்ட். அடியில் 2 கிலோ பச்சை மானிட்டர் போஸ்டுக்கு முன்னே 25 செ.மீ., 2 கிலோ பேட்டரி பின்னே 25 செ.மீ. ஈர்ப்பு மையம் கேமராவுக்கு 20 செ.மீ. கீழே வரும். இப்போது மானிட்டரைக் கழற்றி 700 கிராம் எல்சிடி மாட்டுங்கள். மையம் 15 செ.மீ.க்கு ஏறிவிடும், ஜிம்பலும் கையும் கேமராவை ஒட்டிப் போகும். முன்பின் சமநிலைக்கு பேட்டரியை 9 செ.மீ.க்கு உள்ளே இழுக்க வேண்டும். விளைவு என்ன? ஸ்லெட் முன்பின் சாய்வதற்கு எதிரான மந்தம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இடவலமாகத் திரும்புவதில் அடிப்பகுதி தரும் மந்தம் (எடை கிலோவில், தூரத்தின் வர்க்கம் மீட்டரில், இரண்டையும் பெருக்கி) 0.25இலிருந்து 0.06க்கு விழுகிறது, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. விரல் நடுக்கம், காற்று, தும்மல் எல்லாம் படத்தில் தெரியத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் பச்சைக்காரர்களின் பிடிவாதம் எனக்கு முழுசாகப் புரிந்தது. பழைய மானிட்டர் கனமாக இருந்ததைக் குறையாக எழுதியவர்கள் அதைத் தூக்குபவரின் முதுகை மட்டும் நினைத்தார்கள். அவர் கையோ அந்தக் கனத்தில்தான் பழகியிருந்தது.

தீர்வு மானிட்டருக்கு எடை கூட்டுவது மட்டும் அல்ல. தாங்கும் கம்பிகளை நீட்டி 700 கிராமை 40 செ.மீ. முன்னே தள்ளினால் பேட்டரி 14 செ.மீ. பின்னே போகலாம், 0.06 என்பது 0.15 ஆக ஏறிவிடும். இழந்ததில் பாதி, ஒரு கிராம் சேர்க்காமல் திரும்பக் கிடைக்கிறது. விலையும் உண்டு: நீண்ட மூக்கோடு குறுகிய வாசலில் திரும்பினால் நிலையில் இடிக்கும். மான்கொம்பு போல இருபக்கமும் கம்பி நீட்டி நுனியில் எடை வைக்கும் துணைக்கருவியும் இருக்கிறது, ஆண்ட்லர்ஸ் என்பார்கள். அசையாமல் நிற்க வேண்டிய ஷாட்டுக்கு அது அருமை, ஓட்டத்துக்கு உதவாது.

இன்னொன்று, மானிட்டரின் உயரம். ஸ்லெட் நிற்கும்போது நேராக நின்றால் போதாது. வேகமாகச் சுழற்றும்போதும் தள்ளாடக்கூடாது. இதை டைனமிக் பேலன்ஸ் என்கிறார்கள். ஒவ்வொரு பொருளின் எடை, போஸ்டிலிருந்து முன்பின் தூரம், உயரம் மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும். வெயிலுக்காக மானிட்டரை ஒரு சாண் மேலே தூக்கினால் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. சுழற்றினால்தான் ஸ்லெட் பம்பரத்தின் கடைசி நொடிகள் போல ஆடும். கேமராவையும் பேட்டரியையும் மறுபடி நகர்த்தியாக வேண்டும். ஆகவே மானிட்டரின் சாய்வு அச்சு அதன் சொந்த ஈர்ப்பு மையத்தின் வழியே போக வேண்டும். அப்போது சாய்த்தாலும் எடை இடம் மாறாது. பல நல்ல மானிட்டர்களின் பொருத்துத் துளை அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கிறது. மேசைக்காக யோசித்ததன் அடையாளம் அது.

2013க்குப் பிறகு பரவிய மோட்டார் ஜிம்பல்களில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே மானிட்டர் கைப்பிடியில் இருக்கிறது, கேமராவின் சமநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கையோடு சேர்ந்து ஆடுகிறது, அவ்வளவுதான். அது வேறு கணக்கு.

இன்று வரைந்தால்

ஒரு ஸ்டெடிகேமுக்கென்றே மானிட்டர் வரையச் சொன்னால் என் தாளில் இருக்கப்போவது இதுதான். 7 அங்குலம், அதற்கு மேல் போனால் தரையை மறைக்கும். புள்ளிகளைக் குறைத்தாலும் தப்பில்லை; அந்தக் காசைப் பூச்சிலும் பசையிலும் போடுவேன். 1,500 நிட்ஸ் போதும். அதற்கு மேல் ஏற்றினால் சூடு, சூட்டுக்கு விசிறி, விசிறிச் சத்தத்துக்கு ஒலிப்பதிவாளரின் முறைப்பு. ஃப்ரேமைச் சேமிக்காமல் வரி வர வர வரையும் பேனல், அதற்காக அளவு மாற்றும் வசதிகளை எல்லாம் விட்டுவிடலாம். ஒரே ஒரு பித்தான், அழுத்தினால் முழுப் படமும் ஒற்றை நிறத்துக்கு மாறும்; ஃப்ரேம் கோடுகள் மட்டும் எடுப்பான வேறொரு நிறத்தில் நிற்கும். பச்சையில் பழகியவர்கள் ஓரங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை வண்ணத்தில் வளர்ந்தவர்களும் ஒருமுறை பார்க்கட்டும். லோ மோடுக்குப் படம், கோடு, மட்டம் மூன்றும் சேர்ந்தே புரளும். சாய்வு அச்சு ஈர்ப்பு மையத்தில்.

எடையை எவ்வளவு என்று தீர்மானிப்பதில்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். மாடி ஏறும் நாளில் 700 கிராம் வேண்டும், காற்றடிக்கும் கடற்கரையில் 2 கிலோ வேண்டும். கடைசியில் பெட்டியை லேசாகவே வைத்துவிட்டு, முதுகில் நான்கு திருகுத் துளைகள் போட்டேன், எடைத் தகடு மாட்டிக்கொள்ள.